எங்கள் சந்தில் எத்தனை பேர்

போன வாரம் காலையில் லிஃப்ட் கதவு திறந்ததும் ஈரச் சிமெண்டு வாசனை முகத்தில் வந்து மோதியது. பூன் லேயில் நாங்கள் இருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தை நகரமன்றத்து ஆட்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ரப்பர்க் குழாயைப் பிடித்துப் பீய்ச்ச, இன்னொருவர் நீளத் துடைப்பத்தால் தண்ணீரை வாய்க்காலுக்குத் தள்ளினார். பிளீச்சிங் பவுடரும் ஈரச் சிமெண்டும் கலந்த வாசனை. இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என் மகனும் அதைத்தான் கேட்பான். எனக்குப் பாதி ஞாபகம் மூக்கு வழியாகத்தான் வருகிறது, என்ன செய்ய?

நான் தள்ளுவண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கிழவி வழுக்கிவிடும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என நினைத்து, குழாய் பிடித்தவர் தண்ணீரை நிறுத்திவிட்டு, "வாங்க ஆன்ட்டி, மெதுவா" என்று கையை நீட்டினார். எனக்குப் பயமெல்லாம் இல்லை. மனசால் நான் அந்தக் காலத்துத் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குழாயடி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

அந்தச் சந்துக்கு நான் வந்தது ஐம்பதுகளில். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது எனக்குக் கல்யாணமாகி முழுசாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தார். 'டவுனுக்கு நடுவில் மாடி வீடு' என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். டவுனுக்கு நடுவில்தான் இருந்தது. மாடியிலும்தான் இருந்தது. ஆனால் வீடு என்பது பலகையால் தடுத்த ஓர் அறை. ஜன்னல் கிடையாது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். மனுஷர் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். உண்மையைக் கொஞ்சம் தூரத்தில் நின்று சொல்லியிருந்தார்.

அந்த வீடு முழுவதையும் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஜமால் பாய், நாகூர்க்காரர். கீழே மளிகைக்கடை. முன்பக்கமெல்லாம் அரிசி மூட்டையும் மிளகாய் மூட்டையும். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அவரும் பாத்திமா அக்காவும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாடியில் பலகைத் தடுப்பு போட்டு எங்களைப் போன்றவர்களை வைத்திருந்தார். ஓர் அறையில் குடும்பம், அடுத்த அறையில் துறைமுகத்து ஆட்கள் மூன்று ஷிஃப்டுக்கும் மாறிமாறிப் படுப்பார்கள். ஒருவர் எழுந்தால் அந்தப் பாயிலேயே இன்னொருவர். பாய்க்குச் சூடு ஆறின நாளே கிடையாது. சந்தில் மற்ற வீடுகளும் இப்படியேதான்.

இத்தனை பேருக்கும் சேர்த்துச் சந்து முனையில் ஒரே ஒரு குழாய். முனிசிபல் குழாய் என்போம். நகரசபை என்று பெயர் மாறிய பிறகும் எங்கள் வாயில் அது முனிசிபல்தான். விடிவதற்கு முன்னாலேயே அவரவர் மண்ணெண்ணெய்த் தகரத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடலாம். தகரம் இருந்தால் ஆள் இருப்பதாகத்தான் கணக்கு. வாய்ச்சண்டை எவ்வளவோ நடக்கும், ஆனால் ஒருத்தி தகரத்தை இன்னொருத்தி நகர்த்தி நான் பார்த்ததில்லை. பக்கத்து அறை பாக்கியம் அக்காவும் நானும் சேர்ந்து இடியாப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுத்து வந்தோம். அரிசி களைய, மாவு ஆட்ட, பாத்திரம் கழுவ என்று எங்களுக்குத் தண்ணீர் கூடுதலாகவே வேண்டும். முனையில் பிடித்து, சந்து முழுக்க நடந்து, செங்குத்தான மரப்படி ஏறி மேலே கொண்டுவர வேண்டும். மேலே வந்து பார்த்தால் கால்வாசித் தண்ணீர் என் புடவையில் இருக்கும்.

முனிசிபல் என்றால் குழாய் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தெருக்கூட்டுகிறவர்கள் இருட்டோடு வந்துவிட்டுப் போவார்கள். கொசுவுக்கு மருந்தடிக்கிறவர் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் வாய்க்காலாக ஏறி இறங்குவார். அப்புறம் மிட்வைஃப் அம்மா. வெள்ளை உடுப்பும் கறுப்புப் பையுமாகச் சைக்கிளில் வரும் மலையாளத்து அம்மா. அவர் மணியடித்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தால் ஆம்பிளைகள் தானாக எழுந்து வழிவிடுவார்கள். பணக்காரி, ஏழை, என்ன சாதி, என்ன மதம் என்று எதுவும் கேட்காமல் வந்து பிரசவம் பார்த்துவிட்டுப் போவார். எங்கள் ஊரில் இதற்காக மாட்டுவண்டி கட்டிப் போகவேண்டும். இங்கே சைக்கிள் தேடிவந்தது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அவரைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், வந்த வருஷமே எனக்கு ஒன்று தங்காமல் போயிற்று. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இப்போதும் கை வராது. இரண்டாவது முறை உண்டானபோது மிட்வைஃப் அம்மா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, இந்தத் தடவை தகரம் தூக்கக்கூடாது, படியேறும்போது வெறும் கையோடுதான் ஏறவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் பகல் ஷிஃப்டில் இருக்கும் வாரம் அவரே தூக்கிவிடுவார். இரவு ஷிஃப்டு வாரத்தில் பாக்கியம் அக்கா தன்னுடையதையும் என்னுடையதையும் சேர்த்துத் தூக்குவார். அவருக்கும் இடுப்பில் ஒரு குழந்தை, காலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. எத்தனை நாளைக்கு அவரையே தூக்கவிடுவது? யாரும் பார்க்காத நேரத்தில் நானும் தூக்கினேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. முனிசிபலிலிருந்து ஆள் வந்து வீட்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணப்போகிறார்களாம். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எதற்கு என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. எண்ணுகிறார்கள் என்றால் கிளப்பத்தான் எண்ணுவார்கள் என்று சந்து முழுக்க ஒரே முடிவு. எங்கேயோ ஒரு தெருவில் ஆள் அதிகம் என்று தடுப்புப் பலகையையெல்லாம் பிடுங்கிப் போட்டார்களாம். எந்தத் தெரு என்று கேட்டால் ஆளுக்கொரு தெருவைச் சொன்னார்கள். ஜமால் பாய்க்குக் குத்தகை போய்விடுமோ என்று நடுக்கம். எங்களுக்கு அறை போய்விடுமோ என்று நடுக்கம். எல்லாருமாகக் கூடிப் பேசி, எண்ணவரும் நாளில் பாதிப் பேர் வீட்டில் இருக்கக்கூடாது என்று தீர்மானமாயிற்று. பாதியென்றால் யார் யார் என்று பெயர் வந்தபோது நானும் பாக்கியம் அக்காவும் அதில் இருந்தோம்.

அன்றைக்கு ஃபேரர் பார்க் திடலைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இரவெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வந்தவர்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விடுகிறார்கள். இந்தப் பக்கம் பெண்பிள்ளைகள், கைக்குழந்தைகள். வெயில் ஏறஏற நிழலோடு நாங்களும் நகர்ந்துகொண்டே போகிறோம். அது ஊரெல்லாம் கூட்டமும் கொடியுமாக இருந்த காலம். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் வந்து, இது என்ன கட்சிக் கூட்டமா என்று விசாரித்தார். பாக்கியம் அக்கா கொஞ்சமும் அசராமல், "மாக்கான் ஆங்கின்" என்றார். காற்று வாங்க வந்திருக்கிறோம் என்று மலாயில் அர்த்தம். அவர் வேகாத வெயிலையும் குறட்டை விடுகிறவர்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விட்டார்.

வீட்டில் நடந்ததை அப்புறம் பாத்திமா அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னார். வந்தவர் டான் என்கிற சீனர், இளவயசுக்காரர், மரியாதையான ஆளாம். எல்லாருக்கும் புரிகிற சந்தை மலாயில் வாசலுக்கு வாசல் ஒரே கேள்விதான். "பெராப்பா ஓராங்?" எத்தனை பேர்? ஜமால் பாய் கையைக் கட்டிக்கொண்டு, சின்னக் குடும்பம்தான் துவான், மேலே சில பேர் என்றிருக்கிறார். துவான் என்றால் மலாயில் ஐயா. மற்ற வீட்டுக்காரர்களும் இதே பாட்டைத்தான் பாடியிருக்கிறார்கள். ஆனால் ஆட்களை ஒளித்த நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். மாடி ஜன்னல்களிலிருந்து நீட்டியிருந்த மூங்கில் கழிகளில் வேட்டியும் சாரோங்கும் பாவாடையும் தோரணம் கட்டியதுபோல் தொங்கிக்கொண்டிருந்தன. டான் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் யாருடையது என்று கேட்டாராம். பாய்க்கு வாயில் வந்தது, மேலே துணி வெளுக்கிற தோபி ஒருவர் இருக்கிறார் என்பதுதான். டான் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை பாய் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். தப்பித்துவிட்டோம் என்று எங்களுக்குச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு காலையில் கடப்பாரையும் இரும்புக் குழாயுமாக முனிசிபல் லாரி வந்து நின்றது. பக்கத்துச் சந்தில் தோண்ட ஆரம்பித்தார்கள். அங்கே இருந்தவர்கள் சீனத் தச்சர் குடும்பங்கள். நாங்கள் தகரத்தோடு ஓடிப்போய் மேஸ்திரியிடம் விசாரித்தோம், அவர் நம்ம ஆள். அந்தச் சந்துக்குப் புதுக் குழாய்கள், சிமெண்டுத் தரை போட்டு மறைப்பு வைத்த குளிக்கும் இடம், எல்லாம் வருகிறது என்றார். அப்படியானால் எங்களுக்கு? "ஆள் கணக்குக்குத் தகுந்த மாதிரிதான்மா குழாய். அதுக்குத்தானே வந்து எண்ணிட்டுப் போனாங்க? உங்க சந்து சின்னதாச்சே, இருக்குறதே போதும்னு வச்சுட்டாங்க" என்றார். எங்கள் சந்து சின்னது என்று எங்களுக்கே அப்போதுதான் தெரியவந்தது.

பாக்கியம் அக்கா அங்கேயே தகரத்தைக் கீழே போட்டுவிட்டு, "தண்ணி குடுக்க வந்தவன்கிட்டப் போயி ஒளிஞ்சுக்கிட்டோமே, நம்மள மாதிரி கூமுட்டைங்க உண்டா லா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்று முழுக்கப் பாயின் கடை முன்னால் கூட்டம். ஆளாளுக்குப் பாயைக் குறை சொன்னார்கள், ஏதோ அவர் ஒருவர்தான் திடலுக்கு வழி காட்டியதுபோல. போய் உள்ளதைச் சொல்லிவிடலாமே என்று யாரோ சொன்னதும் கூட்டம் மெல்லக் கலைந்தது. சொல்லப்போனால் பொய் சொன்னது வெளியே வரும். மாடியில் இத்தனை பேரை வைத்திருப்பதும் வெளியே வரும். மற்ற வீட்டுக் குத்தகைக்காரர்கள்தான் முதலில் நழுவினார்கள். பாய் கல்லாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, சரியாக நினைவில்லை. என் வீட்டுக்காரருக்கு இரவு ஷிஃப்டு. பாக்கியம் அக்காவின் சின்னதுக்குக் காய்ச்சல். நானே தகரத்தைத் தூக்கிவந்து ஒவ்வொரு படியிலும் வைத்து வைத்து ஏறிக்கொண்டிருந்தேன். பாதியில் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. தகரத்தை அணைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடை திறக்க வந்த பாய் படிக்குக் கீழிருந்து பார்த்துவிட்டார். பாத்திமா அக்காவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அவர் வந்து என்னைத் தாங்கி மேலே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார். பாய் தகரத்தைக் கொண்டுவந்து அறை வாசலில் வைத்துவிட்டு என் முகத்தைப் பாராமல் இறங்கிப்போனார். மிட்வைஃப் அம்மா வந்து பார்த்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஆனால் இன்னொரு தடவை இப்படிச் செய்தால் தான் பொறுப்பில்லை என்று திட்டிவிட்டுப் போனார்.

பலகை வீட்டில் ஒரு வசதி, கீழே பேசுவதெல்லாம் மேலே கேட்கும். அன்று இரவு பாத்திமா அக்கா அழுதுகொண்டே, உள்ளதைச் சொல்ல முனிசிபல் ஆபீசுக்குப் போகவேண்டாம், இருக்கிறது இந்தக் கடை ஒன்றுதான், அதையும் எடுத்துக்கொண்டுவிட்டால் எங்கே போவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பாய் சொன்னது கேட்டது.

"கடை போனா வேற கடை பாக்கலாம் பாத்திமா. மேல இருக்குற புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா, அந்தப் படியில நான் எப்படி ஏறி எறங்குவேன்?"

மறுநாள் காலையில் பாய் கோட்டும் கறுப்புத் தொப்பியும் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் தூங்கப் போகாமல் அவரோடு போனார். ஆபீசில் டான் இவர்கள் சொன்னதைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாராம். பிறகு கேட்ட முதல் கேள்வி, அப்படியானால் மேலே தோபி யாரும் இல்லையா என்பது. இல்லை என்று பாய் தலையைக் குனிந்துகொண்டார். டான் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. மலாயில் அவர் சொன்னதை என் வீட்டுக்காரர் அப்படியே எனக்கு வந்து சொன்னார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் பாய். ஆனா சாரோங்குக்கு நான் தண்ணி குடுக்க முடியாது, ஆளுக்குத்தான் குடுக்க முடியும்."

இன்னொன்றும் சொன்னாராம். மறுபடி வந்து எண்ணுகிறேன், குழாய்க்கு என்னால் ஆனதைச் செய்கிறேன், ஆனால் கூட்டம் அதிகம் என்று சுகாதாரக்காரர்கள் கேள்வி கேட்டால் அதைத் தடுக்க என்னால் முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்று. மறைக்காமல் சொன்னதற்காகவே அந்த மனுஷரை நான் கும்பிடுவேன். பாய், யோசித்துவிட்டுத்தான் வந்தேன், வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

டான் மறுபடி வந்த நாள் தீபாவளி மாதிரி இருந்தது. பாயே போய்ச் சொல்லிவிட்ட பிறகு சந்தில் ஒருத்தர்கூட ஒளியவில்லை. ஷிஃப்டு ஆட்கள் தலை சீவி, சட்டை போட்டு, அவரவர் பாயின் பக்கத்தில் நின்றார்கள். ஒரு பாய்க்கு மூன்று பேராக வரிசையில் நிற்பதைப் பார்த்து டான் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். பாக்கியம் அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டு பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியிருந்தார். எங்கள் அறை இருட்டு என்பதால் டான் டார்ச் அடித்துப் பார்த்தார். அதே கேள்வி, "பெராப்பா ஓராங்?" என் வீட்டுக்காரர் இரண்டு என்றார்.

கூடவே வந்த பாய் என்னைப் பார்க்காமல் படிப்பக்கம் பார்த்துக்கொண்டு, "மூணுன்னு எழுதுங்க துவான்" என்றார்.

டான் என் வயிற்றை ஒரு கணம் பார்த்தார். குழாய் வந்து சேர்வதற்குள் அதுவும் வந்துவிடும், சரிதான் என்று சொல்லி மூன்று என்று எழுதினார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து இந்த ஊரில் நான் யாருக்கும் தெரியாமல் ஒண்டிக்கொண்டிருப்பவள் என்றுதான் நினைத்திருந்தேன். வயிற்றில் இருந்ததைப் பற்றி ஆசைப்படக்கூடப் பயந்துகொண்டிருந்தேன். அதையும் ஓர் ஆளாக இந்த ஊர் எழுதிக்கொண்டது. இது தங்கிவிடும் என்று எனக்கு முதல் முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

தங்கியது. புதுக் குழாய்களில் ஒன்று எங்கள் படிக்கு நேர் கீழேயே வந்தது. குளிக்கும் இடத்துச் சிமெண்டுத் தரை காய்வதற்கு முன்பே பிள்ளைகள் அதில் குளித்து உருண்டார்கள். மிட்வைஃப் அம்மா கேட்ட வெந்நீருக்கு அந்தத் தண்ணீரைத்தான் பிடித்துக் காய்ச்சினார்கள், என் மகனுக்கு முதல் குளியலும் அதில்தான். டான் சொன்னபடியே சுகாதார இன்ஸ்பெக்டரும் வந்தார். கடையை மூடச் சொல்லவில்லை, ஆனால் ஜன்னல் இல்லாத அறைகளில் ஆட்கள் இருக்கக்கூடாது என்றார். பாய் மறுபேச்சுப் பேசவில்லை. அரிசி மூட்டைகளையெல்லாம் அந்த இருட்டு அறைகளுக்கு ஏற்றிவிட்டு, கடையின் முன்பக்கத்தைப் பாதியாகக் குறுக்கி, எங்களுக்கு வெளிச்சமுள்ள இடம் தடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கடை பழைய அளவுக்கு வரவே இல்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் எங்களிடம் வாய் திறந்ததில்லை.

அறுபதுகளில் அடுக்குமாடி வீடுகள் எழும்ப ஆரம்பித்தன. வீடு கேட்டுப் பதிய வேண்டும், வீட்டில் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் திடலில் போய் ஒளிந்த அதே ஆட்கள், இப்போது பெரிய வீடு கிடைக்குமென்று ஊரிலிருக்கும் மச்சானையும் சேர்த்துச் சொன்னார்கள். பாக்கியம் அக்கா குடும்பம் குவீன்ஸ்டவுனுக்குப் போயிற்று. ஷிஃப்டு ஆட்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆகி, பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். நாங்களும் கிளம்பினோம். புது வீட்டில் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு என் வீட்டுக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார், நான்தான் மூடினேன்.

அப்புறம் சில வருஷத்தில் எங்கள் பழைய சந்தும் இடிபடப்போவதாகச் செய்தி வந்தது. மகனைக் கூட்டிக்கொண்டு பாயைப் பார்க்கப் போயிருந்தேன். நான் போன நேரம் பார்த்து ஓர் அதிகாரியும் வந்திருந்தார், சின்னப் பெண், தமிழ்ப் பெண்தான். மாற்று வீடு கொடுப்பதற்காகக் கேட்கிறோம் ஐயா, இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பாய் வழக்கம்போல, "மேல..." என்று ஆரம்பித்து, விரலை மடக்கப்போய், அப்படியே நிறுத்திவிட்டார். மாடியில் சத்தமே இல்லை. பாத்திமா அக்கா கீழே குனிந்துகொண்டு என் மகன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தார். ரெண்டு பேர் என்று பாய் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பாய் என் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தார்.

"அன்னைக்குப் பொய் சொன்னப்பகூட நான் இவ்வளவு கம்மியாச் சொல்லலம்மா."

நான் பையனை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் அவனைத் தூக்கிக் கல்லாவின்மேல் உட்காரவைத்து, எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது அந்தச் சந்து இல்லை, குழாயும் இல்லை, பாயும் பாத்திமா அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதாம். ஒருவேளை யாராவது வந்து கேட்டால், என் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சொல்லிவிட்டு, அந்த இரண்டு பேரையும் சேர்த்தே சொல்லுவேன்.